கெட்ட பெயர் யாருடைய ஆக்கம்?

ஒருவன் எங்கே குடியிருக்கிறான் என்று அறிந்தபின் அவனைப்பற்றி வேறெதனையும் அறியவேண்டியதில்லை என்று கருதுவோர் எல்லா நாடுகளிலும் உளர். தெருவின் பெயரே குணத்தின் பெயராகிவிடுகிறது. “அந்தப் பக்கத்துப் பிள்ளை” என்ற தொடர் ஆசிரியர் அறையிலும், தொழில் வழங்கும் கந்தோரிலும், கலியாணப் பேச்சிலும் ஒரு தீர்ப்பாகவே வழங்குகிறது. இத்தீர்ப்பு எவ்வாறு உருவாகிறது, அதனால் யார் பயனடைகின்றனர் என்ற வினாக்களுக்கு விடை தேடிய நூல்களுள், 1965 ஆம் ஆண்டிலே லண்டனில் வெளிவந்த சிறு நூலொன்று தனியிடம் பெறுவது. நோபேர்ட் எலியாஸ், ஜோன் ஸ்கொட்சன் ஆகிய இருவரும் எழுதிய அந்நூலின் பெயரை ‘வேரூன்றியோரும் வெளியாரும்’ எனத் தமிழில் தரலாம்.

சமூகவியல் நூலொன்றை இலக்கிய ஏட்டிலே மதிப்பிடுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். மனிதரை அவர்தம் சூழலோடு பொருத்திக் காட்டுவதே யதார்த்த இலக்கியத்தின் கடமை என்பது இவ்வேட்டின் வாசகர்க்குப் புதிய செய்தியன்று. ஆனால் அச்சூழலுக்குப் பெயர் சூட்டுவோர் யார் என்ற கேள்வியும் அக்கடமைக்குள் அடங்குவதாகும். அக்கேள்வியை எழுப்புவதனாலேயே இந்நூல் எழுத்தாளர்க்கும் விமர்சகர்க்கும் உரியதாகிறது.

நூலாசிரியர் இருவரைப்பற்றியும் சில சொற்கள் கூறுதல் வேண்டும். எலியாஸ் 1897 ஆம் ஆண்டிலே, அன்று ஜேர்மனிக்குட்பட்டிருந்த பிறெஸ்லவ் நகரில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்தவர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933 ஆம் ஆண்டில் நாட்டைவிட்டு வெளியேறியவர். அவருடைய தாயார் நாசிகளின் கொடுமைக்குப் பலியானார். இங்கிலாந்திலே தஞ்சம் புகுந்த அவரையே 1940 இல் அந்நாட்டு அரசாங்கம் ‘பகைநாட்டவர்’ எனக் கருதிச் சிலகாலம் தடுத்துவைத்தது. 1954 இலே லெஸ்ரர் நகரின் பல்கலைக்கழகக் கல்லூரியில் விரிவுரையாளரானார். ‘வெளியார்’ என்ற சொல்லின் பொருளை அவர் புத்தகத்திலிருந்து மட்டும் கற்கவில்லை என்பது தெளிவு. ஸ்கொட்சன் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். லெஸ்ரரின் அயலிலுள்ள சிற்றூரொன்றிற் கற்பித்துக்கொண்டிருந்த அவர், அவ்வூர் இளைஞரிடையே காணப்பட்ட குற்றங்களை ஆராய முற்பட்டார். அம்முயற்சியே இந்நூலாக வளர்ந்தது.

அவ்வூருக்கு ஆசிரியர்கள் ‘வின்ஸ்ரன் பார்வா’ என்று கற்பனைப் பெயரிட்டனர். ஐயாயிரத்துக்கும் குறைந்த மக்கள் வாழ்ந்த அவ்வூரில் மூன்று பகுதிகள் இருந்தன. முதலாவது பகுதியிற் பெரும்பாலும் நடுத்தர வகுப்பினர் வாழ்ந்தனர். இரண்டாவது பகுதி 1880 களிலே தொழிலாளர்க்கெனக் கட்டப்பட்ட வீடுகளைக் கொண்டது; அங்குள்ளோர் அதனைக் ‘கிராமம்’ என்று பெருமையுடன் அழைத்தனர். மூன்றாவது பகுதி 1930 களிலே தனியார் கம்பனியொன்று புகையிரதப் பாதைக்கும் கால்வாய்க்கும் அருகே, நீர்தேங்கும் தாழ்நிலத்திலே வாடகைக்கென்று கட்டிய ‘குடியிருப்பு’. அங்கு எலிகள் மிகுந்திருந்தமையால் ‘எலிச்சந்து’ என்ற இழிபெயர் அதற்கு ஏற்பட்டது. வாடகை குறைவாயிருந்தும் கிராமத்தார் அங்கே குடிபோக மறுத்தனர். பிற ஊர்களிலிருந்து வேலை தேடி வந்தோரும், யுத்தகாலத்திலே லண்டனிலிருந்து அவ்வூருக்கு மாற்றப்பட்ட தொழிற்சாலையொன்றோடு வந்துசேர்ந்த தொழிலாளர் குடும்பங்களும் அதனை நிரப்பின.

இவ்விடத்திலேதான் நூலின் மையமான உண்மை வெளிப்படுகின்றது. கிராமத்தாரும் குடியிருப்பினரும் ஒரே நாட்டவர், ஒரே நிறத்தவர், ஒரே மொழியைப் பேசுவோர். இரு பகுதியிலும் பெரும்பாலோர் தொழிலாளரே. ஒரே தொழிற்சாலைகளிலே அருகருகே நின்று வேலைசெய்தனர். வருமானத்திலோ, தொழிலின் தரத்திலோ, கல்வியிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு அவர்களிடையே இருக்கவில்லை. இருந்த வேறுபாடு ஒன்றே: கிராமத்தார் இரண்டு மூன்று தலைமுறைகளாக அங்கு வாழ்பவர்; குடியிருப்பினர் பின்னர் வந்தவர். ஆயினும் வேலைநேரம் முடிந்தபின் ஒருவர் மற்றவர் வீட்டுப்படி ஏறுவதில்லை. இரண்டு தவறணைகளுள் ஒன்று கிராமத்தாருக்கு, மற்றையது குடியிருப்பினருக்கு என்று ஆயிற்று. தேவாலயச் சங்கங்கள், நாடகக் குழு, முதியோர் கழகம் ஆகியவற்றின் பொறுப்பான இடங்களிற் கிராமத்தாரே அமர்ந்திருந்தனர். குடியிருப்பினரோடு உறவாடும் கிராமத்தானைப்பற்றி அவனுடைய சொந்த அயலார் முணுமுணுத்தனர். அந்த அச்சமே அவனை எல்லைக்குள் நிறுத்தியது.

எல்லையைக் காத்துநின்ற காவலாளி ஊர்ப்பேச்சே என்று நூலாசிரியர்கள் காட்டுகின்றனர். ஊர்ப்பேச்சை வேலையற்றோரின் வீண்பொழுதுபோக்காகக் கருதுவது நம் வழக்கம். இந்நூல் அதனை ஓர் அமைப்பாக, ஏறத்தாழ ஒரு தொழிற்சாலையாகவே ஆராய்கிறது. அங்கே புகழ்ப்பேச்சும் பழிப்பேச்சும் ஒருங்கே உற்பத்தியாகின்றன. தம்மவருள் மிகச் சிறந்த சிலரை எடுத்துக்காட்டி ‘நாம் இத்தகையோர்’ என்று கிராமத்தார் கூறிக்கொண்டனர். குடியிருப்பினருள் மிக மோசமான ஒரு சில குடும்பங்களை எடுத்துக்காட்டி ‘அவர்கள் அத்தகையோர்’ என்று தீர்த்தனர். அளவுகோல் இரண்டாயினும் அவற்றைப் பிடித்திருந்த கை ஒன்றே. குடியிருப்பிலே அமைதியாகவும் ஒழுங்காகவும் வாழ்ந்த பெரும்பான்மையினர் இவ்வளவையின் கண்ணுக்குத் தென்படவேயில்லை.

பழிப்பேச்சு குடியிருப்பினராற் கிராமத்தார்மீது திருப்பி வீசப்படாதது ஏன் என்ற வினாவுக்கு ஆசிரியர்கள் தரும் விடை ஆழமானது. கிராமத்தாரிடையே தாய்மாரை மையமாகக்கொண்ட உறவுப்பின்னல் தெருக்களெங்கும் படர்ந்திருந்தது. காலையில் ஒரு வீட்டிலே பிறந்த செய்தி மாலைக்குள் எல்லா வீட்டுக்கும் எட்டும். குடியிருப்பினரோ வெவ்வேறிடங்களிலிருந்து வந்தவர், தம்முள்ளும் அந்நியர். பேச்சுப் பரவுவதற்கு வேண்டிய வாய்க்கால்கள் அவர்களிடம் இல்லை. அதனினும் கொடியது, தம்மைப்பற்றிச் சொல்லப்பட்ட பழியிற் சிறிதேனும் உண்மையிருக்கலாம் என்று அவர்களே உள்ளூர நம்பியமை. அடுத்த வீட்டுக் குழப்பக்காரனைக் கண்டு வெட்கப்பட்ட குடியிருப்பினன், கிராமத்தானின் கண்களாலேயே தன்னைப் பார்க்கப் பழகிவிட்டான்.

ஸ்கொட்சன் தொடக்கத்தில் எடுத்துக்கொண்ட விடயம் இளைஞர் குற்றம் என்றோம். ஆய்வின் ஆரம்பத்திற் குடியிருப்பின் குற்றவீதம் கிராமத்தினதைவிட உயர்ந்தே இருந்தது. மூன்றாவது ஆண்டளவில் அவ்வேறுபாடு ஏறத்தாழ மறைந்துவிட்டது. ஆனாற் குடியிருப்பைப் பற்றிய கிராமத்தாரின் எண்ணம் அணுவளவும் மாறவில்லை. கணக்கு மாறியபின்னரும் பெயர் மாறாதெனின், அப்பெயர் கணக்கிலிருந்து பிறந்ததன்று என்பதே பொருள். ஊரறிந்த உண்மை என்று நாம் மதிப்பவற்றுள் எத்தனை இவ்வாறு அடித்தளம் கரைந்தபின்னும் அந்தரத்தில் நிற்கின்றன என்று எண்ணிப்பார்த்தல் நன்று.

ஆசிரியத் தொழில் புரிவோர் இந்நூலின் இளைஞர் பற்றிய பகுதியைச் சிறப்பாகப் படித்தல் வேண்டும். குடியிருப்பின் பிள்ளைகளிற் சிறு தொகையினர், தமக்கு இடப்பட்ட பெயருக்கேற்பவே நடக்கத் தலைப்பட்டனர். தம்மை வெறுப்போர் எதனைக் கண்டு முகஞ்சுளிக்கின்றனரோ அதனையே உரக்கச் செய்வதில் அவர்கள் ஒருவகை இன்பங் கண்டனர். அவ்வாறு செய்யுந்தோறும் கிராமத்தாருக்குப் புதிய சான்று கிடைத்தது. சான்று கிடைக்குந்தோறும் கதவுகள் இன்னும் இறுக மூடின. வகுப்பிலே பின்வாங்கில் ஒரு பிள்ளையை அமர்த்திவிட்டு, அவன் பின்வாங்கிற்குரிய குணங்களோடு விளங்குகிறான் என்று அறிக்கையெழுதும் ஆசிரியனும் இச்சுழலின் ஒரு பற்சக்கரமே. வரவு இடாப்பிலே பெயருக்கு எதிரே எழுதப்படும் விலாசம் தபாற்காரனுக்கு உதவுவது. பிள்ளையின் எதிர்காலத்தைக் கணிப்பதற்கு அது உதவாது.

இத்துணைச் சிறப்புடைய நூலில் நாம் மாறுபடும் இடங்களும் உள. பிற்காலத்தில், 1976 ஆம் ஆண்டிலே, டச்சு மொழிபெயர்ப்புக்கென எலியாஸ் நீண்ட முன்னுரையொன்றை எழுதினார். பொருளாதாரத்தை மட்டுங்கொண்டு அதிகார வேறுபாட்டை விளக்கவியலாது என்று அங்கு அவர் மார்க்சியத்தை எல்லைப்படுத்த முயல்கிறார். ஒரே வர்க்கத்தின் இரு பகுதியினரிடையே நிலவும் மேல்கீழ் நிலைக்குக் கூலிப்பட்டியலிலே விடை கிடையாது என்பது மெய். அதனை முற்போக்கு விமர்சகர் மறுக்கவேண்டியதில்லை. வர்க்கம் என்ற சொல்லை உச்சரித்ததும் எல்லாம் விளங்கிவிட்டது என்று எண்ணுவோர்க்கு இந்நூல் நல்ல மருந்து. ஆயினும் இரு பகுதியினரும் ஊர்ப்பேச்சைத் தொடங்குமுன்னரே அவர்களுக்காகச் சில முடிவுகள் செய்யப்பட்டிருந்தன. நீர்தேங்கும் நிலத்திலே வீடு கட்டினால் இலாபம் உண்டென்று முடிவுசெய்தது கிராமமுமன்று, குடியிருப்புமன்று, கம்பனி. தொழிலாளர் எங்கிருந்து எங்கே பெயரவேண்டும் என்பதை நிர்ணயித்தது தொழிற்சாலையின் தேவை. எலி மிகுந்த நிலத்திற்கு யார் பொறுப்பு என்ற கேள்வி, அங்கு வாழ்வோர் எத்தகையோர் என்ற கேள்வியாக மாறிவிட்டது. நூல் இந்த மாற்றத்தின் இரண்டாம் பாதியை நுணுக்கமாகக் காட்டுகிறது. முதற் பாதியைச் சில பக்கங்களிலே கடந்துசெல்கிறது.

இதனை விளங்கிக்கொள்ள, வர்க்கப் பிரிவு ஒளிவுமறைவின்றித் தோன்றிய இன்னொரு நிகழ்ச்சியை ஒப்பிடலாம். ஒக்ஸ்போர்ட் நகரின் வடபுறத்திலே கற்ஸ்லோ என்ற இடத்தில் மாநகரசபை வாடகைக் குடியிருப்பொன்றைக் கட்டியது. அதனையடுத்துத் தனியார் கம்பனியொன்று விற்பனைக்கு வீடுகளைக் கட்டியது. சேரியிலிருந்து வந்தோர் அயலிலிருந்தால் வீடுகள் விலைபோகா என்று அஞ்சிய கம்பனி, 1934 ஆம் ஆண்டிலே இரு வீதிகளின் குறுக்கே, இரும்புமுட்கள் பதித்த, ஆளுயரத்தை விஞ்சிய மதில்களை எழுப்பிற்று. மாநகரசபைக் குடியிருப்பினர் பிரதான வீதிக்குச் செல்லச் சுற்றி நடக்கவேண்டியதாயிற்று. 1935 இலே பொதுவுடைமைக் கட்சியைச் சேர்ந்த ஏப் லாசரஸ் தலைமையில் மக்கள் மதிலை இடிக்கத் திரண்டபோது பொலிசார் தடுத்தனர். 1938 இல் மாநகரசபையே அதனை இடித்தது. நீதிமன்றம் கம்பனியின் பக்கம் நின்றமையால் மதில் மீண்டும் எழுந்தது. இறுதியில் 1959 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலேதான் அது ஒழிந்தது. பீற்றர் கொலிசன் 1963 இல் வெளியிட்ட நூலொன்று இவ்வரலாற்றைக் கூறுகிறது.

கற்ஸ்லோவில் பழியின் விலை பவுண் கணக்கில் வெளிப்படையாகவே தெரிந்தது. வின்ஸ்ரன் பார்வாவிலோ மதில் இல்லை; முள் இல்லை; வழக்கு இல்லை. மதில் செய்த வேலையை அங்கே பெயர் செய்தது. மதிலைக் கட்டக் கம்பனியும் காக்க நீதிமன்றமும் வேண்டும். பெயருக்கு அவை வேண்டா. அன்றாடம் ஒரே தொழிற்சாலை வாயிலால் நுழையும் தொழிலாளியே மற்றத் தொழிலாளிக்கெதிராக அதனைச் சம்பளமின்றிக் காவல்செய்கிறான். இவ்விரு நூல்களையும் சேர்த்துப் படிக்கும்போதே உண்மை முழுமைபெறும். இன்றும் அவ்வீதிகளின் ஒரு பாதி வுல்சி வீதியாகவும் ஓல்ட்றிச் வீதியாகவும், மறு பாதி கார்ல்ரன் வீதியாகவும் வென்ற்வேர்த் வீதியாகவும் வழங்குகின்றன. மதில் நின்ற இடத்திலேயே பெயர் மாறுகிறது. கல் விழுந்தது, சொல் நின்றது.

அரசாங்கமும் இப்பெயர்களை ஆக்குவதிற் பங்குகொண்டது. 1919 ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டத்தின் கீழ் எழுந்த வீடுகள் விசாலமானவை; அவற்றின் வாடகையைச் செலுத்தக்கூடியோர் ஓரளவு நிலையான வருவாயுள்ள தொழிலாளர். 1930 ஆம் ஆண்டுச் சட்டம் சேரிகளை அகற்றி அங்குள்ளோரைக் குடியேற்ற முற்பட்டபோது பல இடங்களிலே சிறிய, மலிவான வீடுகள் தனியே ஒதுக்கிக் கட்டப்பட்டன. ஒரே நகரத்திலே ‘நல்ல’ குடியிருப்பும் ‘கெட்ட’ குடியிருப்பும் என்ற பிரிவு இவ்வாறு வரைபடத்திலேயே எழுதப்பட்டது. அனூரின் பெவான் 1949 ஆம் ஆண்டின் சட்டத்திலே ‘தொழிலாள வகுப்பினர்க்கான வீடு’ என்ற கட்டுப்பாட்டை நீக்கி, வைத்தியரும் தொழிலாளியும் ஒரே தெருவில் வாழவேண்டும் என்ற இலட்சியத்தை முன்வைத்தார். 1980 ஆம் ஆண்டிலே தாட்சர் அரசாங்கம், குடியிருப்போர் தம் வீடுகளைக் கழிவுவிலையில் வாங்கும் உரிமையை வழங்கியது. நல்ல இடத்து நல்ல வீடுகள் முதலில் விலைபோயின. வாங்க வசதியற்றோர் எஞ்சியவற்றில் எஞ்சினர். ஒருகாலத்தில் மக்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர்க்கு வீடளித்த ஏற்பாடு, வறியோரின் அடையாளமாகச் சுருங்கியது. ‘அந்தக் குடியிருப்பு’ என்ற பழிப்பேச்சுக்குச் சட்டமே புதிய சரக்கை வழங்கியது எனலாம்.

இனி இலக்கியத்துக்கு வருவோம். பிராட்போர்ட் நகரின் பட்டர்ஷோ குடியிருப்பில் வளர்ந்த அன்ட்றியா டன்பார், 1961 இற் பிறந்தவர். பள்ளி மாணவியாயிருக்கும்போதே பதினைந்து வயதளவில் எழுதத் தொடங்கிய ‘த ஆபர்’ என்ற நாடகம் 1980 இலே லண்டன் ரோயல் கோட் அரங்கில் மேடையேறியது. 1982 இல் ‘ரீற்றா, சூ அன்ட் பொப் றூ’ வந்தது. 1987 இல் அது திரைப்படமாயிற்று. 1990 இலே, இருபத்தொன்பது வயதில், அவர் காலமானார். திரைப்படம் வெளிவந்தபோது அயலார் பலர் அவர்மீது சினங்கொண்டனர். குடியிருப்பின் பெயரை அவர் கெடுத்துவிட்டாராம்.

இச்சினத்தை அறியாமை என்று தள்ளிவிடுதல் எளிது. ஆனால் எலியாசின் நூலைப் படித்தபின் அவ்வாறு தள்ளமுடியாது. ஒரு வீட்டின் கதையை முழுக் குடியிருப்பின் கதையாகப் பெருக்கிக்கொள்ளும் பார்வையாளர் வெளியே காத்திருக்கின்றனர் என்பதை அவ்வயலார் அனுபவத்தால் அறிந்திருந்தனர். அதே வேளையில், பெயருக்கு அஞ்சி மௌனஞ் சாதிக்குமாறு எழுத்தாளரைக் கேட்பதும் பழிப்பேச்சின் அதிகாரத்தை ஏற்பதேயாகும். நாடகத்தைக் கூர்ந்து நோக்குவோர்க்கு ஒன்று புலப்படும். குடியிருப்பின் வறிய சிறுமியர் இருவர் பிள்ளை பார்க்கச் செல்வது வசதியுள்ள, மணமான ஒருவன் வீட்டுக்கு. காரும் சொந்த வீடும் உடைய அவனே அவர்களைத் தன் இச்சைக்குப் பயன்படுத்துகிறான். கெட்ட பெயர் யாரைச் சேர்கிறது என்பதை நாம் சொல்லவேண்டியதில்லை. டன்பார் குடியிருப்பைத் தனித்தெடுத்துக் காட்சிப்பொருளாக்கவில்லை. குடியிருப்புக்கும் அதற்கு வெளியே உள்ளோருக்கும் இடையிலான உறவைக் காட்டினார். அதுவே அவருடைய எழுத்தின் பெறுமதி.

இதிலிருந்து ஒரு விமர்சன அளவுகோலை வகுக்கலாம். பெயர்கெட்ட இடத்தைச் சித்திரிக்கும் படைப்பு, அப்பெயரைச் சுமப்போரை மட்டும் காட்டிப் பெயரை இடுவோரைக் காட்டாது விடுமாயின், அது எத்துணை இரக்கத்தோடு எழுதப்பட்டிருப்பினும் அரைகுறையான யதார்த்தமே. அழுக்குத் தெருவை அங்குலம் அங்குலமாக விவரிப்பது துணிவெனப் பாராட்டப்படுகிறது. தூய்மையான தெருவின் திண்ணையிலே என்ன பேசப்படுகிறது என்பதை எழுதுவதற்கே கூடுதலான துணிவு வேண்டும். வாசகருட் பலர் அத்திண்ணையில் இருப்பவர்.

எலியாசின் முன்னுரை இங்கிலாந்தோடு நின்றுவிடவில்லை. ஜப்பானிலே உடலமைப்பால் எவ்வித வேறுபாடுமற்ற புராக்குமின் மக்கள் ஒதுக்கப்படுவதையும் அது எடுத்துக்காட்டுகிறது. அவர்கள்மீதான இழிநிலை 1871 இலே சட்டப்படி நீக்கப்பட்டது. ஆயினும் அவர்கள் வாழும் ஊர்களின் பெயர்ப்பட்டியல்கள் இரகசியமாகத் தயாரிக்கப்பட்டு, வேலைக்கு விண்ணப்பிப்போரை வடிகட்டுதற்காகக் கம்பனிகளுக்கு விற்கப்பட்டமை 1975 இல் அம்பலமாயிற்று. விலாசமே குற்றப்பத்திரமாகும் என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுமோ? குறிச்சியின் பெயரைக் கேட்டுச் சாதியைக் கணிக்கும் வழக்கத்தை அறிந்த யாழ்ப்பாணத்து வாசகருக்கு இப்பட்டியல் விளக்கம் வேண்டாதது. எனினும் ஒன்றை வற்புறுத்துதல் வேண்டும். முந்தி வந்தோர், பிந்தி வந்தோர் என்ற சூத்திரத்துக்குள் சாதியை அடக்கிவிட முடியாது. நிலமும் கிணறும் கோயிலும் யார் கையில் என்ற கேள்வியே அங்கு முதன்மையானது. 1972 இல் வெளிவந்த டானியலின் ‘பஞ்சமர்’ முதலிய நாவல்கள் ஒடுக்கப்பட்டோரையும் ஒடுக்குவோரையும் ஒரே களத்தில் நிறுத்தியதன் சிறப்பு இவ்விடத்திலே தெளிவாகும்.

வேரூன்றியோர் தீயவர் என்று இந்நூல் கூறவில்லை. கிராமத்துப் பெண்கள் நோயுற்ற அயலாளுக்குக் கஞ்சி கொண்டுசெல்லக்கூடியவர்களே; அவர்களுடைய ஒற்றுமை உண்மையானது. அந்த ஒற்றுமையின் செலவை வேறொருவர் செலுத்தவேண்டியிருந்தது என்பதே துயரம். இந்நிலை நல்லெண்ண உபதேசங்களாற் மாறாது. எங்கே யாருக்கு வீடு கட்டப்படுகிறது, எந்தச் சங்கத்தின் கதவு யாருக்குத் திறக்கிறது, எந்தப் பாடசாலை எந்தத் தெருப் பிள்ளையைச் சேர்க்கிறது என்பன மாறும்போதே பெயர்களும் மாறத் தொடங்கும். அதுவரையில் விமர்சகன் செய்யக்கூடியது ஒன்றுண்டு: கெட்ட பெயரொன்று காதில் விழுந்தால், அதனைச் சொல்பவரின் விலாசத்தையும் விசாரிப்பது.